உளதே எனலும் உளதோ எனலும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சமண இல்லத்துப் பிள்ளை ஒன்று கல்லூரிக்குச் செல்கிறது. இந்திய மெய்யியல் பற்றிய கையேடு ஒன்றைத் தேர்வுக்காகப் புரட்டுகிறது என்று கொள்வோம். சமணம் என்னும் தலைப்பின்கீழ் ஏழு வரிகள். முதல் வரி, ‘இருக்கலாம்’. இரண்டாம் வரி, ‘இல்லாமலும் இருக்கலாம்’. மூன்றாம் வரி, ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’. இவ்வாறே ஏழு வரை சென்று, சமணர் எதனையும் உறுதிபடக் கூறாதவர் என்னும் குறிப்போடு அப்பக்கம் முடிகிறது. விடுமுறைக்கு வீடு திரும்பிய பிள்ளை கேட்கிறது: “தாத்தா, நம் சமயம் எதையுமே உறுதியாகச் சொல்லாதா? அப்படியானால் கொல்லாமையும் ஓர் ‘இருக்கலாம்’தானா?” தாத்தாவுக்குச் சினம் வருகிறது, விடை வருவதில்லை.

அப்பிள்ளையைக் குறை கூறுதல் தகாது. அக்கையேட்டை எழுதியவரை மட்டும் குறை கூறுதலும் தகாது. நம்மவர் வெளியிட்ட சிறு நூல்கள் சிலவற்றிலும் அதே ‘இருக்கலாம்’ இடம்பெற்றிருப்பதைக் காணலாம். பிழை முழுவதும் ‘ஸ்யாத்’ என்னும் ஒரு சிறு சொல்லில் இருக்கிறது. அச்சொல்லின் பொருளைத் தெளிய வேண்டுமாயின், சொல் என்பது யாது, அது பொருளை எவ்வாறு உணர்த்துகிறது என இந்நாட்டுச் சான்றோர் பல நூற்றாண்டுகளாக நிகழ்த்திய வாதத்துள் சற்றே நுழைந்து வர வேண்டும். சியாத்வாதம் அவ்வாதத்தின் நடுவே பிறந்த விடை. தனியே பிடுங்கி எடுத்தால் வேரற்ற செடிபோல் வாடிவிடும்.

‘பொருள்’ என்னும் தமிழ்ச்சொல்லே இவ்வாராய்ச்சிக்கு நல்ல வாயில். சொல் உணர்த்துவதும் பொருள். கண்ணால் கண்டு கையால் தொடும் பண்டமும் பொருள். வடமொழி ‘அர்த்தம்’ என்பதும் அத்தகையதே. உலகில் உள்ளவற்றை வகைப்படுத்திய வைசேடிகர் அவ்வகைகளுக்குப் ‘பதார்த்தம்’, அதாவது பதத்தின் பொருள், என்றே பெயரிட்டனர். சொல்லையும் உலகையும் பிணைக்கும் கயிறு ஒன்று உண்டு என்பதில் பெரும்பாலோர்க்கு ஐயமில்லை. அக்கயிற்றை முறுக்கியவர் யார் என்பதிலேதான் வழக்கு.

மீமாம்சகர், அதனை எவரும் முறுக்கவில்லை என்றனர். ஜைமினியின் சூத்திரமும் அதற்குச் சபரர் எழுதிய உரையும் சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு இயற்கையானது, தொடக்கமில்லாதது என்று நாட்டுகின்றன. எழுத்து நிலையானது, வாயிலிருந்து எழும் ஒலி அதனை வெளிப்படுத்துகிறதேயன்றிப் படைப்பதில்லை. வேதம் ஆக்கியோன் இல்லாதது என்னும் அவர்தம் கொள்கைக்கு இதுவே அடித்தளம்.

நியாய நூலார் இதனை மறுத்த விதம் சுவையானது. சொல்லும் பொருளும் இயல்பாகவே ஒட்டியிருப்பவை ஆயின், ‘சோறு’ என்றதும் வாய் நிறைய வேண்டும். ‘நெருப்பு’ என்றதும் நாச் சுட வேண்டும். ‘வாள்’ என்றதும் இதழ் அறுபட வேண்டும். அவ்வாறு நிகழ்வதில்லை. மேலும், ஒரே சொல்லை வெவ்வேறு மக்கள் வெவ்வேறு பொருளில் வழங்குகின்றனர். ஆகவே சொல்லின் பொருள் உடன்பாட்டால் அமைவது என்றார் கௌதமர். அவ்வுடன்பாட்டைச் செய்தவர் யார் என்ற வினாவுக்கு அவர் வழிவந்தோர் இறைவன் திருவுள்ளத்தை விடையாகக் காட்டினர்.

சமணர்க்கு இவ்விரு விடைகளும் முழுமையாக ஒத்துவரவில்லை. தோற்றமில்லாத வேதமும் அவர்க்கு உடன்பாடன்று. உலகைப் படைத்த கடவுளும் உடன்பாடன்று. பரீட்சாமுகம் இயற்றிய மாணிக்யநந்தி, பொருளை உணர்த்தும் இயல்பான தகுதி சொல்லுக்கு உண்டு, அத்தகுதி மக்கள் உடன்பாட்டால் செயற்படுகிறது என இரண்டையும் இணைத்தார். விறகில் எரியும் தகுதி உண்டு, ஆயினும் ஒருவர் மூட்டினாலன்றி அடுப்பு எரியாது என்பதுபோல இதனைக் கொள்ளலாம். தமிழிலும் இவ்வழக்கு நிகழ்ந்துள்ளது. நீலகேசியின் பத்துச் சருக்கங்களுள் ஒன்றாகிய வேத வாதம், வேதம் எவராலும் செய்யப்படாதது என்னும் கொள்கையை நேர்நின்று எதிர்க்கிறது. நீலகேசியையும் சமய திவாகரம் என்னும் அதன் உரையையும் 1936ஆம் ஆண்டு அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்தார். நம் இல்லங்களில் அந்நூலின் பெயர் அறியப்பட்ட அளவு பக்கங்கள் புரட்டப்பட்டதாகத் தெரியவில்லை.

உடன்பாடு என்றால், அதனைக் குழந்தை எவ்வாறு கற்கிறது? இங்கு மீமாம்சகர் காட்டும் காட்சி மறக்கவொண்ணாதது. முற்றத்தில் ஒரு குழந்தை அமர்ந்திருக்கிறது. பெரியவர் ஒருவர் மற்றொருவரிடம் ‘பசுவைக் கொண்டு வா’ என்கிறார். அவர் சென்று பசுவைக் கொணர்கிறார். ‘பசுவைக் கட்டு’ என்கிறார், கட்டுகிறார். ‘குதிரையைக் கொண்டு வா’ என்கிறார். வேறொரு விலங்கு வருகிறது. எச்சொல் நிற்க எது நின்றது, எச்சொல் மாற எது மாறியது என ஒப்பிட்டு ஒப்பிட்டு அக்குழந்தை பசு, குதிரை, கொணர்தல், கட்டுதல் ஆகியவற்றைப் பிரித்து அறிகிறது. இதற்கு ‘விருத்த வியவகாரம்’ என்று பெயர். பெரியோர் வழக்கு என்று தமிழில் கூறலாம். அகராதியைப் புரட்டி எந்தக் குழந்தையும் தாய்மொழி கற்றதில்லை.

இக்காட்சியிலிருந்தே பிரபாகரர், சொற்கள் தம்முள் இயைந்த நிலையிலேதான் பொருள் தருகின்றன என்றார். குமாரிலர், முதலில் சொற்கள் தனித்தனியே தம் பொருளைத் தருகின்றன, பின்னரே அவை இயைகின்றன என்றார். வாக்கியம் பொருள்பட மூன்று வேண்டும் என்பதில் இருசாராரும் ஒத்தனர். அம்மூன்றும் தமிழ் இலக்கணம் பயின்றோர்க்குப் பழகியவையே: அவாய்நிலை, தகுதி, அண்மை. ‘பசுவை’ என்று கூறி நிறுத்தினால் உள்ளம் மற்றொரு சொல்லை அவாவி நிற்கும். ‘நெருப்பால் நனைத்தான்’ என்பதில் தகுதி இல்லை. ‘பசுவை’ என்பதைக் காலையிலும் ‘கொண்டு வா’ என்பதை மாலையிலும் கூறினால் அண்மை இல்லை. வாக்கியபதீயம் இயற்றிய பர்த்ருஹரியோ இவர்கள் எல்லோரையும் தாண்டிச் சென்றார். வாக்கியமே முழுமை, சொற்கள் நாம் ஆராய்ச்சிக்காகப் பிரித்துக் கொண்டவை. மயில் முட்டைக்குள் நிறமற்ற நீர்மமாக இருப்பதே பின்னர்ப் பல வண்ணத் தோகையாக விரிவதுபோல, பிரிவற்ற பொருள் சொல்வரிசையாக விரிகிறது என்று அவர் வழியினர் உவமை கூறினர்.

பௌத்தரான திக்நாகர் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். அவர் காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. பசுக்கள் பல, ஒவ்வொன்றும் மற்றொன்றிலிருந்து வேறு, ‘பசுத்தன்மை’ என ஒன்று எங்கும் தனியே காணப்படுவதில்லை. அவ்வாறிருக்கப் ‘பசு’ என்னும் சொல் எதனைச் சுட்டுகிறது? பசு அல்லாதவற்றை விலக்குகிறது. அவ்வளவே, என்றார் திக்நாகர். அபோகம் என்னும் இக்கொள்கை முதலில் கேட்போர்க்கு விந்தையாகத் தோன்றும். வேலியிட்ட பின்னரே தோட்டம் எது என்பது விளங்குகிறது என்று எண்ணிப் பார்த்தால் அதன் வலிமை புலப்படும்.

இனிச் சமணர் நிலை. அவர்களுக்கு ஒலியே ஒரு பருப்பொருள். உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் ஒலியைப் புத்கலத்தின் வேறுபாடுகளுள் ஒன்றாக வைக்கிறது. வைசேடிகர் ஒலியை ஆகாயத்தின் குணம் என்றனர். மீமாம்சகர் எழுத்தை நித்தியம் என்றனர். சமணர், சுவரில் தடைப்படுவதும் காற்றில் அடித்துச் செல்லப்படுவதும் அணுக்களாலான பொருளாகவே இருத்தல் வேண்டும் என்றனர். தமிழ் மாணவர் இக்கொள்கையைத் தம்மை அறியாமலே பயின்றுள்ளனர். 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டுகோளுக்கு இணங்க நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், எழுத்து என்பது அணுத்திரளால் ஆகிய ஒலி என்று இலக்கணம் வகுத்தார். எழுத்துப் பிறப்பைக் கூறுமிடத்துத் தொல்காப்பியர் உந்தியிலிருந்து எழும் காற்றைக் குறிப்பிட்டார், அணுவைக் குறிப்பிடவில்லை. பவணந்தியார் காற்றோடு அணுத்திரளையும் சேர்த்தார். மொழியின் வாயிற்படியிலேயே சமணத் தத்துவம் ஒன்றை அமைதியாக வைத்துச் சென்றார் அம்முனிவர். எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அதனை ஓதி வந்துள்ளனர்.

இலக்கணத்துக்கும் அநேகாந்தத்துக்கும் உள்ள உறவு அத்துடன் முடிவதன்று. சர்வார்த்தசித்தி எழுதிய பூஜ்யபாதர் ஜைநேந்திரம் என்னும் வடமொழி இலக்கணமும் செய்தவர். அதன் முதற்சூத்திரமே, சொற்கள் அமைவது அநேகாந்தத்தால் என்று கூறுகிறது. இலக்கண நூலின் தொடக்கத்தில் தத்துவத்துக்கு என்ன வேலை என வியக்க வேண்டா. வேற்றுமையை நினைத்துப் பார்க்கலாம். ‘வேலன் வந்தான்’ என்பதில் வேலன் வினைமுதல். ‘வேலனைக் கண்டான்’ என்பதில் செயப்படுபொருள். ‘வேலனால் ஆயிற்று’ என்பதில் கருவி. ‘வேலனுக்குக் கொடுத்தான்’ என்பதில் ஏற்போன். ஒரே வேலன்தான். அவனுக்கு ஒரே ஓர் இயல்புதான் உண்டு, வேறெதுவும் இல்லை என்றால் எந்த வேற்றுமை உருபும் அவன்மீது ஒட்டாது. எந்த வாக்கியமும் எழாது. பொருள் பல இயல்பினது என்பதனால்தான் மொழி இயங்குகிறது.

பொருளோ பல இயல்பினது; சொல்லோ ஒரு நேரத்தில் ஓர் இயல்பையே பற்ற வல்லது. இந்த இடைவெளியிலேதான் ‘ஸ்யாத்’ வந்து அமர்கிறது.

வடமொழியில் இருத்தலைக் குறிக்கும் வினையடியிலிருந்து, ‘இருக்கலாம்’, ‘இருக்கக்கூடும்’ என்னும் பொருள்பட ‘ஸ்யாத்’ என்றொரு வினைமுற்று உண்டு. கையேடு எழுதுவோர் அதனையே எடுத்துக்கொண்டனர். ஆனால் சியாத்வாதத்தில் வரும் ‘ஸ்யாத்’ வினைமுற்று அன்று. அது வினைமுற்றின் வடிவத்தை ஒத்த நிபாதம். தமிழில் கூறினால் இடைச்சொல். ஆப்தமீமாம்சை இயற்றிய சமந்தபத்திரர் இதனை ஐயத்துக்கு இடமின்றிக் கூறியுள்ளார். தாம் சேர்ந்த வாக்கியம் கூறும் இயல்பேயன்றிப் பொருளுக்குப் பிற இயல்புகளும் உள என்பதைச் சுட்டி நிற்பதே அவ்விடைச்சொல்லின் பணி.

வடிவம் ஒன்றாக இருப்பதனால் பொருளும் ஒன்றாகிவிடுமா? தமிழில் ‘கொல்’ என்று ஒரு வினை உண்டு. உயிரைப் போக்கு என்பது அதன் பொருள். ‘கொல்’ என்று ஓர் இடைச்சொல்லும் உண்டு. அது ஐயப்பொருள் தரும் என்பது தொல்காப்பியம். திருக்குறளில் தலைவி தன் நெஞ்சோடு பேசும் இடங்களில் இவ்விடைச்சொல் வரும்போதெல்லாம் அங்கே ஒரு கொலை நிகழ்கிறது என்று ஒரு மாணவர் உரை எழுதினால், அவ்விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியர் என்ன செய்வார்? ‘ஸ்யாத்’ என்பதை ‘இருக்கலாம்’ என்று பெயர்த்தது இதற்குச் சற்றும் குறையாத பிழை. அங்கே திருத்துவதற்கு ஆசிரியர் இருந்தார். இங்கே பிழை பாடநூலாகிவிட்டது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சப்தபங்கியின் முதல் வாக்கியம் ‘ஸ்யாத்’ என்னும் ஓர் இடைச்சொல்லோடு நிற்பதன்று. ‘ஏவ’ என்னும் மற்றோர் இடைச்சொல்லும் அதில் உண்டு. இந்த ‘ஏவ’ தமிழின் தேற்றேகாரத்துக்கு நிகரானது, உறுதிப்பொருள் தருவது. ‘ஸ்யாத்’ என்பதற்கு ஆசாரியர்கள் கூறும் பொருள் ‘கதஞ்சித்’ என்பது. நம் பழைய உரையாசிரியர்கள் அதற்கு ஈடாக வழங்கிய அழகிய தமிழ்ச்சொல் ஒன்று கையில் இருக்கிறது: ‘ஒருவாற்றான்’. ஆகவே முதல் வாக்கியம் ‘ஒருவாற்றான் உளதே’ என்றாகும். இரண்டாவது ‘ஒருவாற்றான் இலதே’ என்றாகும். ‘உளதே’ என்ற தேற்றத்தை ‘உளதோ’ என்ற வினாவாக மாற்றியது மொழிபெயர்ப்பாளர் கைவண்ணம். ஏகாரத்துக்கு ஓகாரத்தை மாற்றி வைத்த அளவில் ஒரு தரிசனமே ஐயவாதமாகிவிட்டது.

ஆலய மண்டபத்தில் தொங்கும் வெண்கல மணியை எடுத்துக்கொள்வோம். வெண்கலம் என்னும் தன் திரவியத்தால் அது உளதே, வெள்ளியாக இலதே. இம்மண்டபம் என்னும் தன் இடத்தால் உளதே. அடுத்த ஊர் ஆலயத்தில் இலதே. வார்க்கப்பட்ட நாள் முதலாகிய தன் காலத்தால் உளதே. அதற்கு முன்பு மணியாக இலதே. மணி என்னும் தன் நிலையால் உளதே, விளக்காக இலதே. இவற்றுள் எது ஐயம்? ஒவ்வொன்றையும் நீதிமன்றத்தில் நின்று சான்று பகரலாம். திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நான்கையும் கூறாமல் ‘மணி உளது’ என்று மொட்டையாகக் கூறுவதுதான் தெளிவற்ற பேச்சு. ‘இலதே’ என்னும் இரண்டாம் வாக்கியத்தில் திக்நாகரின் வேலி இருப்பதையும் காணலாம். சொல் பிறவற்றை விலக்குகிறது என்பது மெய். விலக்குவது மட்டுமே செய்கிறது என்பதைத்தான் சமணர் ஏற்கவில்லை.

உளது, இலது என்னும் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூறினால் மூன்றாம் வாக்கியம் பிறக்கிறது. இரண்டையும் ஒரே கணத்தில், ஒரே சொல்லால், சம நிறையோடு கூற முயன்றால்? அதற்குச் சொல் இல்லை. ஞாயிற்றையும் திங்களையும் சேர்த்து ‘இருசுடர்’ என்று ஒரு சொல்லாக்கிக் கூறினாலும் உள்ளம் ஒன்றன்பின் ஒன்றாகவே அவற்றைப் பற்றுகிறது. ஆகவே நான்காவது, ‘ஒருவாற்றான் சொல்லொணாததே’, அவக்தவ்வியம். இங்கே குறைபாடு பொருளிலும் இல்லை, அறிவிலும் இல்லை. மொழியின் இயல்பில் இருக்கிறது. தன் எல்லையைத் தானே ஒப்புக்கொள்ளும் வாக்கியம் அது. அடிப்படைகள் மூன்று, அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் மூன்று, மூன்றையும் சேர்த்தால் ஒன்று. ஏழுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. எஞ்சியது எளிய கணக்கே.

எதிர்ப்பு எழாமல் இல்லை. 7ஆம் நூற்றாண்டின் பௌத்தப் பேரறிஞர் தர்மகீர்த்தி எள்ளல் மிக்கவர். எல்லாப் பொருளும் எல்லாத் தன்மையும் உடையனவாயின், ‘தயிரை உண்’ என்று ஏவப்பட்டவன் ஏன் ஒட்டகத்தை நோக்கி ஓடுவதில்லை என்று கேட்டார். அகளங்கர் இதற்கு அளித்த விடை அதே எள்ளலைத் திருப்பி அனுப்பியது. புத்தர் முற்பிறவி ஒன்றில் மானாகப் பிறந்தவர் என்பது பௌத்தர் கூற்று. ஆயினும் அவர்கள் புத்தரை வணங்குகின்றனர், மானை உணவாகக் கருதுகின்றனர். ஒரே உயிர்த்தொடரில் நிலைவேறுபாடு கொண்டு வணங்கத்தக்கதும் உண்ணத்தக்கதும் பிரிந்து நிற்பதுபோலவே தயிரும் ஒட்டகமும் பிரிந்து நிற்கின்றன என்றார். அநேகாந்தம் வேறுபாட்டை அழிப்பதன்று, வேறுபாட்டுக்கு இடம் காட்டுவது என்பதை அவ்விடை நிறுவியது. காஞ்சியில் பௌத்தரோடு வாதிட்டு வென்றவர் என மரபு போற்றும் அவ்வாசாரியரின் நினைவைக் கரந்தை, திருப்பணமூர்ப் பகுதி இன்றும் காத்து வருவதை இங்குள்ளோர் அறிவர்.

பின்னர் வந்த சங்கரர் பிரம்மசூத்திர உரையில், ஒரே பொருளில் முரண்பட்ட இயல்புகள் ஒருங்கே இருத்தல் வெப்பமும் தட்பமும் ஒருங்கே இருத்தல் போலக் கூடாதது என்றார். உறுதியற்ற அறிவு அளவையாகாது என்றும் சாடினார். ஒரே நோக்கில் இரண்டும் உண்டு என்று சமணர் கூறியிருந்தால் அவர் சாடல் நேரியதாகவே இருந்திருக்கும். அவர்கள் அவ்வாறு கூறவில்லை. ஒருவர் தம் மகனுக்குத் தந்தை, தம் தந்தைக்கு மகன். இதில் முரண் யாது?

நம்மவர் பக்கத்துக் குறை ஒன்றையும் கூறாமல் விடுதல் நேர்மையாகாது. மேடைகளில் அநேகாந்தம் என்றவுடன் யானையும் குருடரும் வந்துவிடுகின்றனர். அக்கதை பௌத்தரிடத்தும் உண்டு. காலைத் தொட்டவர் தூண் போன்றது என்றதில் பிழையில்லை. ‘தூண் போன்றது மட்டுமே’ என்றதில்தான் பிழை. இதனை விளக்காமல், ‘ஆகவே எல்லோர் கூற்றும் சரியே’ என்று முடித்துவிடுவோர் பலர். நீலகேசி எல்லோரையும் சரி என்று கூறிவிட்டு வீடு திரும்பவில்லை. ஒவ்வொரு வாதியோடும் அமர்ந்து வழக்காடினாள். ஒரு நோக்கை ஏற்பது நயம்; பிற நோக்குகளை மறுக்கும் நோக்கு துர்நயம்; துர்நயத்தைத் துர்நயம் என்று கூறும் கடமை அநேகாந்திக்கு உண்டு.

இப்போது பிள்ளையின் கேள்விக்கு வரலாம். கொல்லாமையும் ‘இருக்கலாம்’தானா? தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, கவனமின்மையும் கஷாயமும் கூடிய செயலால் உயிரைப் பிரித்தல் என்கிறது. நான்கு முழ அளவு நிலத்தை நோக்கி ஈரியா சமிதியோடு நடக்கும் முனிவரின் அடியின்கீழ்ச் சிற்றுயிர் ஒன்று வந்து மடிந்தால், திரவிய நோக்கில் இம்சை உளதே. பாவ நோக்கில் இலதே. பிறனைக் கொல்லக் கருதி எறிந்த கல் குறி தவறியவனிடத்தில், திரவிய நோக்கில் இலதே. பாவ நோக்கில் உளதே. இவ்விரு வாக்கியங்களிலும் தேற்றேகாரம் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது. நோக்கு எது என்று கூறியதனால் அறம் தளர்ந்துவிடவில்லை. தப்பிச் செல்லும் வழிகள் அடைபட்டன. உயிர் மடியவில்லையே என்று கல்லெறிந்தவன் இனி ஒளிந்துகொள்ள முடியாது.

இன்றைய விழாவிலேயே இதற்கொரு சான்று உண்டு. ‘மகாவீரர்’ என்னும் பெயரை நாம் எத்தனை பொருளில் வழங்குகிறோம்? நம் வீட்டுப் பிள்ளைக்கு அப்பெயரிட்டுப் பள்ளிப் பதிவேட்டில் எழுதுகிறோம். அது நாம நிக்ஷேபம். கருவறையில் உள்ள படிமத்தை அப்பெயரால் வணங்குகிறோம், அது ஸ்தாபனை. தொட்டிலில் இட்டுத் தாலாட்டும் வர்த்தமானக் குழந்தையையும் தீர்த்தங்கரர் என்கிறோம். அக்குழந்தை இன்னும் தீர்த்தங்கரர் ஆகவில்லை, ஆகப்போவது. ஆகவே அது திரவியம். கேவல ஞானம் எய்திச் சமவசரணத்தில் அறம் பகர்ந்த பெருமானே பாவ நிக்ஷேபம். ஒரு பெயர் நான்கு வாயிலாகப் பொருள் தருகிறது. எவ்வாயில் என்பதை அறிந்தே தாய்மார்கள் தொட்டிலை ஆட்டுகின்றனர். எவம்பூத நயமோ இன்னும் கண்டிப்பானது. ஒரு சொல் குறிக்கும் செயல் நிகழும்போது மட்டுமே அச்சொல் பொருந்தும் என்பது அது. ‘சிராவகர்’ என்பதற்குக் கேட்பவர் என்பது பொருள். அந்நயத்தின்படி, அறவுரை நிகழும்போது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அந்நேரத்துக்குச் சிராவகர் அல்லர்!

சத்தியத்தைப் பத்து வகையாகப் பகுத்த நம் ஆகமங்கள், முதலில் வைத்தது ஜனபத சத்தியம். நாட்டு வழக்கால் உண்மையாவது. வெந்த அரிசியைத் தமிழர் சோறு என்பதும் கன்னடர் அன்னம் என்பதும் அவ்வந்நாட்டில் உண்மையே. கடவுள் வகுத்ததன்று, அநாதியானதும் அன்று. மக்கள் நாவில் வழங்கும்வரை மட்டுமே நிலைப்பது. மீமாம்சகரின் முற்றத்துக் குழந்தையை மீண்டும் நினைவுகூர வேண்டிய இடம் இது.

1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்னும் முதலியாரின் வினா அவர் வாழ்வையே திருப்பியது. பெரும் புலவரிடம் பல்லாண்டு பயின்றவர் அவர்; நச்சினார்க்கினியர் உரையும் கையில் இருந்தது; ஆயினும் நூலில் பல சொற்கள் வாய் திறக்கவில்லை. எழுத்து தெரிந்தது, இலக்கணம் தெரிந்தது, பொருள் தெரியவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணக் குடும்பங்களைப் பற்றி அறிந்து அவர்களை நாடிச் சென்றார். அங்கே ஒரு வீடு விழாக்கோலம் பூண்டிருந்தது. காரணம் கேட்டபோது, பல மாதங்களாகப் படித்து வந்த சிந்தாமணி அன்று நிறைவுற்றது என்றனர். ஏட்டில் அவர் தேடிய நூல் அவ்வீட்டில் வழக்கில் இருந்தது. பின்னர் ஐயங்கள் பலவற்றை அவர்களிடம் கேட்டே தெளிந்தார். ஒருநாள் அவர் சமயக் கருத்துகளை எடுத்துரைத்த தெளிவைக் கேட்ட அவ்வில்லத்து அம்மையார் ஒருவர், இவர் பவ்ய ஜீவன் போலும் என்றாராம். அதன் பொருளைக் கேட்டறிந்து அவர் மகிழ்ந்த செய்தியைத் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

வீடுபேற்றுக்கு உரிய பக்குவம் உடைய உயிர் பவ்வியம் என்பதை அந்த அம்மையார் எந்த நூலிலிருந்து கற்றிருப்பார்? தம் தாய் கூறக் கேட்டிருப்பார். அத்தாய் தம் மாமியார் கூறக் கேட்டிருப்பார். அவ்வில்லங்களில் கேட்டுத் தெளிந்த பொருளோடு சிந்தாமணி 1887ஆம் ஆண்டு அச்சேறியது. அந்த அம்மையாரின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று கல்லூரிக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, விடுமுறை நாளில், ‘ஸ்யாத்’ என்றால் என்ன என்று கேட்கின்றனர்.